மேசைக்கு மேசை ஒரு முழம்

வாசகர் கேள்வி – பதில்

(நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் 1981ஆம் ஆண்டு கோப்பை கழுவுபவராகச் சேர்ந்து, 2015ஆம் ஆண்டு சாப்பாட்டு மண்டபத்தின் தலைமைப் பரிமாறுபவராக ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: ஐயா, நான் கொழும்பில் வேலை செய்கிறேன். முதல் சம்பள உயர்வு கிடைத்ததும் அம்மா, அப்பா இருவரையும் நுவரெலியாவில் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனேன். அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். அங்கே மேசைகள் ஒன்றையொன்று தொடாத குறையாகப் போடப்பட்டிருந்தன. பக்கத்து மேசைக்காரர்கள் கரண்டியும் முள்ளுக்கரண்டியுமாகச் சாப்பிட்டார்கள். அம்மா கையால் பிசைந்து சாப்பிடக் கூச்சப்பட்டுப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். தம்பியின் படிப்புக்காக அடகு வைத்த சங்கிலியைப் பற்றி அப்பா பேச்செடுத்தார். பக்கத்து மேசைப் பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு நாங்கள் மூவரும் வாய் திறக்கவில்லை. வேறு மேசை கேட்க நினைத்தும் கேட்காமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் வாழ்ந்த அம்மாவுக்கு நெருக்கடி புதிதா?" என்கிறார். நான் செய்தது பிழையா? – வாசகி, கொட்டகலை

பதில்: மகள், முதலில் உங்கள் அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

நானும் லயத்தில் பிறந்தவன். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. உள்ளே ஏழு பேர். நடுச்சுவர் கூரைவரை எட்டாது. பக்கத்துக் காம்பராவில் கிழவர் இருமினால் எங்கள் வீட்டுத் தொட்டிலில் தங்கச்சி விழித்துக்கொள்வாள். எங்கள் அம்மாவுக்கு அப்பாவோடு கடன் விஷயம் பேச வேண்டியிருந்தால், இருட்டியதும் குடத்தை எடுத்துக்கொண்டு இருவரும் பீலிக்குப் போவார்கள். பீலித் தண்ணீர் கல்லில் விழும் இரைச்சலில் பேச்சு மூன்றாவது காதுக்குப் போகாது. வீட்டில் குடம் நிறைந்திருக்கும் நாளிலும் போவார்கள். எதற்காகப் போனார்கள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் விளங்கியது. உங்கள் அம்மாவும் ஏதாவதொரு பீலியைத் தேடித்தான் இருப்பார். வாழ்நாள் முழுவதும் ஒரு பேச்சை நான்கு சுவருக்குள் பேச வழியில்லாமல் இருந்தவருக்கு, காசு கொடுத்துச் சாப்பிடப் போன இடத்திலாவது அந்த வசதி கிடைத்திருக்க வேண்டும். இதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இனி மேசைக்கு வருகிறேன். சிவனொளிபாத மலைப் பருவத்தில், டிசம்பர் பௌர்ணமிக்கும் மே மாத வெசாக்குக்கும் இடையில், ஹட்டனில் ஏதாவதொரு சைவக் கடைக்குள் போய்ப் பாருங்கள். நீள மேசை, இரண்டு பக்கமும் வாங்கு. தோளோடு தோள் இடிக்கத்தான் உட்கார வேண்டும். ஆனால் உட்காருமுன் எல்லோரும் "இங்கே ஆள் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். ஏற்கெனவே இருப்பவர் தண்ணீர்ச் செம்பை நகர்த்திவிட்டு "இருங்கள்" என்பார். சாம்பார் வாளி வரும்போது "இவருக்கும் கொஞ்சம் ஊற்று தம்பி" என்பார். அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தால் உங்கள் அம்மா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் போன உணவகத்தில் நடந்தது வேறு. ஆளுக்கொரு மேசை என்று சொல்லி உட்கார வைக்கிறார்கள். இடைவெளியோ ஒரு சாண்கூட இல்லை. தனி மேசை என்பதால் பக்கத்தில் இருப்பவருக்கு வணக்கம் சொல்லும் வழக்கம் கிடையாது. அவர் இல்லாததுபோல் நடந்துகொள்ள வேண்டும். ஆனால் அவர் மெல்லும் சத்தம்கூடக் காதில் விழும். பார்க்காததுபோல் பார்ப்பதும் கேட்காததுபோல் கேட்பதும்தான் அங்கே மரியாதை. அந்தப் பெண் திரும்பிப் பார்த்ததிலும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. காதுக்கு அருகில் சங்கிலி என்றும் அடகு என்றும் கேட்டால் தலை தானாகத் திரும்பும். முப்பத்து நான்கு வருடம் மேசைகளுக்கு நடுவே நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்கில் வரும் நெருக்கத்தை மனிதர்கள் எளிதில் தாங்கிக்கொள்வார்கள். தனி மேசைகளை நெருக்கிப் போட்டால்தான் சோறு இறங்காது.

என் அளவு எப்போதும் முழம். பூக்காரி மல்லிகை அளப்பாரே, முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை, கிட்டத்தட்ட பதினெட்டு அங்குலம், அதே அளவு. காலையில் மண்டபத்தைத் திறந்ததும் ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் கையை வைத்துப் பார்ப்பேன். எட்வர்ட் ஹோல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களில் மனிதர்கள் தங்களுக்குள் காக்கும் தூரங்களை வகுத்து எழுதினார். மிக நெருங்கிய உறவினரை மட்டுமே விடும் எல்லை என்று அவர் சொன்னது பதினெட்டு அங்குலம், அதாவது 45 சென்ரிமீற்றர். ஊருக்கு ஊர் இது மாறும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு விருந்தாளி இதை எனக்கு விளக்கியபோது என் கையை நீட்டி, "இதுதானே ஐயா?" என்று கேட்டேன். உங்கள் அம்மாவின் முழங்கைக்கும் பக்கத்துக்காரரின் தட்டுக்கும் நடுவில் அந்த ஒரு முழம் இல்லை. கூச்சம் வந்ததற்கு அதுதான் காரணம். கையால் சாப்பிட்டதில் எந்தக் குறையும் இல்லை.

வேறு மேசை கேட்டிருக்க வேண்டும், மகள். அதையும் உட்காருமுன் வாசலிலேயே கேட்க வேண்டும். உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிய பிறகு கேட்டால் பரிமாறுபவர் சங்கடப்படுவார், பக்கத்து மேசைக்காரர் தன்னைச் சொல்கிறார்களோ என்று நினைப்பார். வாசலில் நின்று, "அம்மாவுக்குக் கொஞ்சம் விலகின மேசை வேண்டும். பத்து நிமிடம் காத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வாக்கியத்தை மறுத்த முகாமையாளரை நான் பார்த்ததில்லை. காத்திருக்கிறோம் என்று நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கு மறுக்க என்ன இருக்கிறது? ஏப்ரல் மாதத்தில், மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும் நாட்களில், இது பலிக்காது. அந்த மாதம் நுவரெலியாவில் எந்தக் கடையிலும் கால் வைக்க இடமிருக்காது. மற்ற மாதங்களில் வார நாளில் பதினொன்றரைக்கோ இரண்டரைக்குப் பிறகோ போங்கள்.

வேறு வழியே இல்லாமல் நெருங்கிய மேசையில் மாட்டிக்கொண்டால், உட்கார்ந்தவுடன் பக்கத்து மேசைக்கு ஒரு வணக்கம் வையுங்கள். "எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த இரண்டு மேசையும் வாங்காக மாறிவிடும். அம்மா கூச்சமில்லாமல் பிசைவார். சங்கிலிப் பேச்சை மட்டும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவை மறுபடியும் அழைத்துப் போவீர்கள்தானே? சுவரோரமாக உட்கார வையுங்கள். உங்கள் இடம் அவருக்கும் அடுத்த மேசைக்கும் நடுவில் இருக்கட்டும்.

கேள்வி: மத்தியானம் நாலு பேர் மேசையில் நான் தனியாக இருந்தால், முன்பின் தெரியாதவர்களைக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைக்கிறார்கள். மறுக்க எனக்கு உரிமை இல்லையா? – வாசகர், பண்டாரவளை

பதில்: இல்லை, தம்பி. அவசரச் சாப்பாட்டுக் கடையில் நீங்கள் வாங்குவது ஒரு கதிரையை; மேசையை அல்ல. "எனக்கு உடம்பு சரியில்லை, இருமல் இருக்கிறது" என்று சொன்னால் அது வேறு. எதிரில் யார் உட்காரலாம் என்று நாம் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று இந்த நாட்டுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள் தேநீர்க்கடைக்குள் போய் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து ஒரு தேநீர் குடிப்பதற்கே போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி அதற்காக ஊர்வலம் போனார்கள்; பொலிஸ் தடியடி பட்டார்கள். எதிரே வந்து உட்காரும் மனிதருக்கு இடம் விடுங்கள்.

கேள்வி: அப்புத்தளையில் சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறேன். உட்காரும் பகுதி 20 அடிக்கு 14 அடி. நாலு பேர் மேசை ஒன்பது போட்டு 36 பேரை உட்கார வைக்கலாம் என்று தச்சர் சொல்கிறார். வாடகையை நினைத்தால் அவர் சொல்வது சரியாகப் படுகிறது. தகரக் கூரை, மழை பெய்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆலோசனை சொல்லுங்கள். – வாசகர், அப்புத்தளை

பதில்: தச்சர் மேசை விற்பவர். சுடு தேநீருடன் அந்த மேசைகளுக்கு நடுவே நடக்கப் போகிறவர் உங்கள் பரிமாறும் பையன். அவனைக் கேளுங்கள்.

1994 ஏப்ரல் மாதம். நான் வேலை செய்த ஹோட்டலில் அன்று இரவுக் கூட்டத்துக்காக மண்டபத்தில் ஆறு மேசை கூடுதலாகப் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை; ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு கதிரை முதுகுகளுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பி, தேநீர்ப் போச்சியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நுழைந்தேன். ஒருவர் சிரித்துக்கொண்டே கதிரையைப் பின்னால் தள்ளினார். போச்சி சாய்ந்து ஒரு சிறுமியின் கையில் கொட்டியது. ஆறு வயதிருக்கும். தூக்கிக்கொண்டு சமையலறைக் குழாய்க்கு ஓடினேன். இருபது நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரோ பற்பசை கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தீக்காயத்துக்கு முதல் மருந்து ஓடும் தண்ணீர்தான், இதை உங்கள் கடையில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கொப்புளம் பெரிதாக வரவில்லை. அந்தப் பிள்ளையின் தகப்பன் என்னை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று முகாமையாளரிடம் வாய் திறக்காமல் இருந்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மறுநாள் காலை அந்த ஆறு மேசையையும் நானே தூக்கிக் களஞ்சிய அறையில் வைத்தேன். அதன் பிறகு ஓய்வுபெறும்வரை முழம் அளக்காமல் மண்டபத்தைத் திறந்ததில்லை.

இப்போது உங்கள் கணக்கு. 280 சதுர அடியில் 36 பேர் என்றால் ஒருவருக்கு எட்டு சதுர அடிகூட வராது. அதில் சாப்பிடலாம்; எழுந்திருக்க முடியாது. நான் சொல்வதைத் தரையில் சோக்கட்டியால் கீறிப் பாருங்கள். மேசை நான்கு அடி நீளம், இரண்டரை அடி அகலம். நீளப் பக்கங்களில் இரண்டிரண்டு கதிரை. கதிரைக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி விட்டால் மொத்தம் ஐந்தரை அடி. இப்படி இரண்டு வரிசை, பதினொரு அடி. 14 அடியில் மிச்சம் மூன்றடி; அது நடுவே நடைபாதை. 20 அடி நீளத்தில் வரிசைக்கு மூன்று மேசை, நடுவில் ஒன்றரை ஒன்றரை அடி. அந்த ஒன்றரை அடிதான் நம்முடைய முழம்; சுவர்ப் பக்கம் உட்காருபவர் உள்ளே போகும் வழியும் அதுதான். ஆறு மேசை, 24 பேர். நீளத்தில் மிஞ்சும் ஐந்தடியில் காசு மேசையும் கை கழுவும் தொட்டியும் வந்துவிடும். குடை வைக்க ஒரு தகர வாளியும் நனைந்த ஜக்கெட் மாட்ட நாலு ஆணியும் அங்கேயே வேண்டும். நம் மலையில் கடை போடுகிறவர்கள் இந்தக் குடையை மறந்துவிடுகிறார்கள். பிறகு அது பக்கத்து மேசைக்காரரின் காற்சட்டையை நனைக்கும், அங்கே சண்டை தொடங்கும்.

12 பேருக்கான வருமானம் போகிறதே என்பீர்கள். உங்கள் அடுப்படியில் எத்தனை ரொட்டிக் கல்? ஒன்று அல்லது இரண்டு. 36 பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் கடைசி 12 பேருக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் கொத்து ரொட்டி போகும். காத்திருப்பவரும் கதிரையைத்தான் அடைத்துக்கொண்டு இருப்பார். கட்டாயம் கூடுதல் ஆட்களை உட்கார வைக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு வரிசையின் மூன்று மேசையையும் எடுத்துவிட்டு நீள மேசையும் இரண்டு வாங்கும் போடுங்கள். குடும்பமாக வருகிறவர்களை மற்ற வரிசைக்கு அனுப்புங்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில் மேசைகளுக்கு நடுவில் 6, 12, 24 அங்குலம் விட்ட படங்களைக் காட்டி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஆறு அங்குலத்தைப் பெரும்பாலோர் விரும்பவில்லை, அதிலும் துணையோடு சாப்பிட வருகிறவர்களாகத் தங்களை நினைத்துப் பார்த்தவர்கள் அதை அறவே விரும்பவில்லை. வாங்கைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஹட்டனுக்கு அழைத்துப் போயிருப்பேன்.

சத்தத்துக்கு வருவோம். எதியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் 1911இலேயே ஒன்றை எழுதி வெளியிட்டார்: சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார். ஒரு மேசை உயர்த்த, அடுத்த மேசை அதற்கு மேலே உயர்த்தும். மேசைகள் நெருங்கியிருந்தால் இது இன்னும் வேகமாக ஏறும். குளிருக்காக ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். ஆகவே தகரத்துக்குக் கீழே பலகை உட்கூரை அடியுங்கள். மழைச் சத்தம் நன்றாகக் குறையும். ஜன்னலுக்குத் தடித்த துணித் திரை போடுங்கள். கதிரைக் கால்களுக்குப் பழைய டயர் துண்டு ஒட்டுங்கள், இழுக்கும்போது கிறீச்சிடாது. சுவரில் தொலைக்காட்சி மாட்டவே மாட்டாதீர்கள். இருக்கிற இரைச்சலோடு அதையும் வெல்ல எல்லோரும் கத்துவார்கள்.

கேள்வி: தேநீர்க் கடையில் மேசைக்கு ஷோர்ட் ஈட்ஸ் (சிற்றுண்டி) தட்டு கொண்டுவந்து வைத்தார்கள். ஒரே மேசையில் எதிரே இருந்தவர் அதே தட்டிலிருந்து ஒரு ரோல்ஸ் எடுத்தார். பில் வந்தபோது அதுவும் என் கணக்கில். வாதாடுவதா? – வாசகி, நாவலப்பிட்டி

பதில்: தட்டில் மிஞ்சியதை எண்ணிக் கணக்குப் போடுவது நம் கடைகளின் பழைய வழக்கம், மேசையைப் பகிர்ந்துகொள்ளும்போது அது குழம்பத்தான் செய்யும். அவர் எடுத்த உடனேயே பரிமாறுபவரைப் பார்த்து "இதை அவர் கணக்கில் வையுங்கள்" என்று புன்னகையோடு சொல்லிவிடுங்கள். பில் வந்த பிறகு சொன்னால் அவர் முகம் சுருங்கும். அதைவிட நல்லது, உங்களுக்கு வேண்டிய இரண்டு வடையையோ பணிஸையோ தனிப் பீங்கானில் கேட்பது. தொட்ட பலகாரத்தைத் தட்டில் திருப்பி வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் என் வீட்டார் தனிப் பீங்கான்தான் கேட்பார்கள்.

கேள்வி: மனைவி போன பிறகு மாதம் ஒருமுறை ஓய்வூதியம் எடுத்துவிட்டு வெளியே சாப்பிடுகிறேன். தனி ஆள் என்றதும் கழிவறைக் கதவோரமாகவோ, இரண்டு குடும்பங்களுக்கு நடுவே நெருக்கிய சின்ன மேசையிலோதான் உட்கார வைக்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகர், பதுளை

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை முதலில் வாசித்தேன், பதில் எழுதத்தான் கடைசியானது.

தனியாக வருகிறவருக்குப் பேச்சுத் துணை கிடையாது. கண்ணுக்குத்தான் துணை வேண்டும். நான் தலைமைப் பொறுப்புக்கு வந்ததும் ஜன்னலோர 7ஆம் மேசையைத் தனி ஆளுக்கென்று ஒதுக்கினேன். முகாமையாளருக்குப் பிடிக்கவில்லை. "நாலு பேருக்கான இடம்" என்றார். பன்னிரண்டு மணிவரை மட்டும் என்று பேசி வாங்கினேன். அங்கிருந்து தேயிலை மலையும், தெளிந்த நாளில் பிதுருதலாகலையும் தெரியும்.

பதுளையில் எந்தக் கடைக்குப் போனாலும் பன்னிரண்டுக்கு முன் போங்கள். நீங்கள் ஒருவராகப் போனாலும் "ஜன்னலோரம் ஒரு மேசை" என்று கேளுங்கள். "தனி ஆள்தான்" என்று நீங்களாகச் சொல்ல வேண்டாம். அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். ஒரே கடைக்கு மூன்று மாதம் தொடர்ந்து போங்கள். நாலாவது மாதம் உங்கள் மேசையில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். என் 7ஆம் மேசைக்கும் அப்படி ஒருவர் வந்துகொண்டிருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒவ்வொரு மாதமும் ஓய்வூதிய நாளில் பஸ் சத்தம் கேட்டதும் அவருக்கு வெறுந்தேநீரும் ஒரு துண்டு சர்க்கரையும் எடுத்து வைப்பேன்.